முதுகைத் தொடும் கைக்குப் பொய் எதற்கு?

இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வரப் பிறந்தவரைத் தேடிப்பிடித்து மிதிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மூன்றாம் நாள் வலி விட்டால் மிதித்தவருக்குப் பேர். அதைக் கேட்டுச் சிரிக்கிற நாம், ஏசி அறையில் "ஜவ்வு விலகியிருக்கு, பத்து சிட்டிங் வரணும்" என்பவர் முன்னால் வாய் திறப்பதில்லை.

குப்புறப் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருகிறார். இறுகிய தசை இளகுகிறது, சுகமாக இருக்கிறது. இதுவரை உண்மை. பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கம், இடுப்பை மறுபக்கம் திருப்பி ஒரு வெட்டு. 'டப்'. "எலும்பு உட்கார்ந்துடுச்சு!" அது எழுந்து போனால்தானே உட்காருவதற்கு? மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி எழுப்பும் சத்தம் அது. விரலில் சொடக்கு எடுத்தாலும் அதேதான்.

கைவேலை வீண் என்று சொல்லவில்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சியோடு மசாஜும் இருக்கிறது. இடுப்பு பெல்ட் போன்ற சிலவற்றைத்தான் வேண்டாம் என்கிறது.

"நம்பிக்கை வந்தால்தானே குணமாகும், சின்னப் பொய்யில் என்ன தப்பு?" என்பார்கள். போர்ச்சுகலில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே வெற்று மாத்திரை கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது என்று 2016இல் முடிவு வெளியானது. சின்ன ஆய்வுதான், மாத்திரை வேறு, கை வேறுதான். ஆனாலும் பொய் சொன்னால்தான் வேலை நடக்கும் என்ற சாக்கு அதோடு போயிற்று.

பொய்க்கு விலையும் உண்டு. ஜவ்வு விலகியதாகக் கேட்டவர் குனியப் பயப்படுகிறார், குடம் தூக்கப் பயப்படுகிறார். அசையாத இடுப்பு இன்னும் இறுகுகிறது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கும். இதை எத்தனை பேர் நோயாளியிடம் சொல்கிறார்கள்? திடீர்ப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அந்த வாரங்களைத்தான் சிட்டிங் போட்டு விற்கிறார்கள்.

அடுத்த முறை படுக்கும் முன் கேளுங்கள்: "வழக்கம்போல் நடமாடினால் இது எத்தனை நாளில் போகும்?" நேராகப் பதில் சொல்பவரிடம் முதுகைக் கொடுங்கள். கால் வலுவிழந்தாலோ, மர்ம இடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எந்தக் கையையும் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.