மார்கழியில் வரும் விடுமுறை



பருவத் தேர்வு முடிந்து கல்லூரிப் பிள்ளைகள் வீடு வந்து சேரும் நாள்கள் இவை. சில கல்லூரிகளில் பத்து நாள் விடுமுறை, சிலவற்றில் மூன்று வாரம். வந்த முதல் இரண்டு நாளும் பிள்ளை தூங்கினால் விட்டுவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரங்களில் கண்விழித்த கணக்கை உடம்பு எப்படியும் வசூலித்தே தீரும். மூன்றாம் நாளும் பத்து மணிக்குப் போர்வை விலகவில்லை என்றால் அப்போது பேச்சை ஆரம்பிக்கலாம்.

அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. “சும்மா இருக்காதே, ஆன்லைன்ல ஒரு கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கு.” கெட்ட யோசனை இல்லை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களை வீட்டிலிருந்தே கட்டணமில்லாமல் படிக்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். ஆனால் அந்தக் காணொளிகள் ஆடி மாதத்திலும் அங்கேயேதான் இருக்கும். மார்கழியும் தையும் கொண்டுவருகிற சில காரியங்கள் அப்படி இல்லை. அவற்றுக்கு மறுஒலிபரப்பு கிடையாது. இந்த விடுமுறையில் என்ன செய்யலாம் என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டால், இந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பதை முதலில் எடுத்துக்கொள் என்றுதான் சொல்வேன்.

சென்னைப் பிள்ளைகளுக்குக் கடற்கரை இருக்கிறது. சுண்டலும் பட்டமும் உள்ள மாலைக் கடற்கரையைச் சொல்லவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு அதே கரையில் வேறொரு வேலை நடக்கிறது. ஜனவரி பிறந்தால் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். ஏப்ரல் வரை வரும். 1970களின் தொடக்கத்திலேயே ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்கள் இந்தக் கரையில் இரவில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். 1988-இல் மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்று தொடங்கிய நடை இன்றும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையில் தொடர்கிறது.

ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் டிராக்டர் டயர் பதிந்ததுபோல இருக்கும். தடத்தைப் பிடித்துப் போய், மணல் இளகியிருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, கையால் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி வயிறு அகன்ற குழிக்குள் நூறு முட்டை அளவில் இருக்கும். அங்கேயே விட்டால் நாய் தோண்டிவிடும். அதனால் எண்ணி, ஆழத்தை அளந்து, வேலி கட்டிய பொரிப்பிடத்தில் அதே அளவில் குழி தோண்டி வைக்கிறார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு வெளியே வரும். வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். ஊரில் மின்விளக்கு வராத காலத்தில் அந்த வெளிச்சம் கடலுடையது. இப்போது தெருவிளக்கு அதை வென்றுவிட்டது. ஆகவே குஞ்சு சாலைப் பக்கம் போய் வண்டியில் அடிபடாமல் கடலில் கொண்டு சேர்க்கவும் ஆள் தேவை.

விலங்கியல் படிப்பவர்தான் வரவேண்டும் என்றில்லை. பி.காம். மாணவருக்கும் முட்டை எண்ணத் தெரியும். முன்பே சொல்லிவிடுகிறேன்: பல இரவுகள் ஒரு கூடும் அகப்படாது, காலில் மணல் மட்டுமே மிச்சம். சில இரவுகளில் செத்த ஆமைதான் கிடைக்கும். இழுவலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தவை 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அவற்றையும் எண்ணிக் குறிப்பதும் இந்த வேலைதான். கல்லூரி திறந்த பிறகும் வார இறுதி இரவுகளில் தொடரலாம் என்பது இதில் ஒரு வசதி.

கடல் இல்லாத ஊர்க்காரர்களுக்குக் குளமும் ஏரியும் உண்டு. 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கண்மாய்க் கரையோ மொட்டைமாடியோ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படுகிற பறவைகளை இனம் கண்டு எண்ணி, ஈபேர்டு செயலியில் பதிந்தால் போதும். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டிவரும் வரித்தலை வாத்துகளை நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இந்த மாதங்களில்தான் பார்க்க முடியும். கோடை விடுமுறையில் அங்கே போனால் அவை கிளம்பிப் போயிருக்கும்.

டெல்டா பிள்ளைகளிடம் பேசவேண்டியது வேறு. சம்பா அறுவடை நெருங்குகிற நேரத்தில் விடுமுறை வருகிறது. “வந்துட்டியா, நாளைக்கு அறுப்பு வண்டி வருது, வயல்ல நில்லு” என்று அப்பா சொல்வார். நிற்கத்தான் வேண்டும். கூடவே ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு நில்லுங்கள். விதை, உழவு, நடவுக்கூலி, உரம், பூச்சிமருந்து, அறுப்பு வண்டிக்கு மணி வாடகை எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். ஈரவயலில் பெல்ட் வண்டிதான் இறங்கும், அதற்கு வாடகை கூடுதல். மழை பெய்தால் என்ன செலவு கூடுகிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துபோகும். பிறகு கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பது விதி. பனி விழும் தை மாதத்தில் அந்த 17-க்காகக் குடும்பங்கள் நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளறிக்கொண்டு காத்திருக்கின்றன. எந்தப் பொருளியல் பாடத்திலும் இந்தக் காத்திருப்புக்கு விலை போட்டு நான் பார்த்ததில்லை.

நோட்டில் கடைசியாக ஒரு கேள்வி வரும். அம்மா களை பறித்த நாள்களுக்கும் அப்பா இரவில் தண்ணீர் பாய்ச்சியதற்கும் கூலி எழுதுவதா, வேண்டாமா? சொந்த நிலத்துக்குக் குத்தகை போடுவதா? நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை வைப்பதில் இதே வழக்குதான் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதமாவது சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. கையிலிருந்து செய்த செலவோடு குடும்ப உழைப்பை மட்டும் கூட்டி அரசு கணக்குப் போடுகிறது. சொந்த நிலத்தின் வாடகையையும் சொந்த முதலீட்டுக்கான வட்டியையும் சேர்க்கவேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்கின்றன. சொந்த வயலுக்கு இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்த மாணவருக்கு அந்த விவகாரம் செய்தித்தாள் தலைப்பாக மட்டும் இருக்காது. ஒரு போக மகசூலின் முழுக் கணக்கு என்பது நல்ல ஆய்வேடு ஒன்றுக்கான தொடக்கம். பணம் கொடுத்து வாங்கும் புராஜெக்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இந்தப் பருவத்தில்தான் நடக்கும். வாங்கப் பணமில்லாவிட்டாலும் அரங்கம் அரங்கமாக நின்று புரட்டலாம், யாரும் விரட்டமாட்டார்கள். மார்கழி சபாக்களில் இளம் கலைஞர்கள் பாடும் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கேன்டீன்தான் செலவு வைக்கும். பதினெட்டு வயது முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படிவம் 6. அரைமணி நேர வேலை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் சில மாணவர்கள் இப்போது ஜவுளிக்கடையில் பொங்கல் வியாபாரத்துக்குத் துணி மடித்துக்கொண்டோ, கேட்டரிங் வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டோ இருப்பார்கள். அடுத்த பருவத்துக் கட்டணத்துக்காக உழைப்பவரிடம் விடுமுறையைப் பயனுள்ளதாக்கு என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அவர்களுடைய விடுமுறை எல்லாரையும்விட நன்றாகவே பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பல வீடுகளில் விடுமுறை என்றால் மகனுக்குக் கைப்பேசி, மகளுக்குச் சமையலறை. பையன் ஏரிக்கரைக்குப் போகிறேன் என்றால் “பார்த்துப் போ” என்கிறோம். பெண் சொன்னால் நூறு கேள்வி கேட்கிறோம். வரும் பொங்கலுக்கு மகளும் மகனும் சேர்ந்தே பறவை எண்ணப் போகட்டும். திரும்பி வந்ததும் பாத்திரம் தேய்ப்பதையும் இருவருமே செய்யட்டும்.