நிறுத்தத் தெரிந்த கருணை

பிறர் துன்பத்தை நீக்க எண்ணி ஒருவர் செய்யும் காரியத்தால் துன்பமும் மரணமும் விளையுமானால், அக்காரியம் நன்றா, தீதா? எண்ணமே வினையின் வேர் என்று நாம் போதிக்கிறோம். எண்ணம் தூயதாயிருந்தால் மட்டும் போதுமா? உலகறிந்த மருத்துவர் ஒருவரின் பணியைக் கொண்டு இதனை ஆராய்வோமாக.

டோனால் தாமஸ் 1920-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிராமத்து மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையில் உள்ள மூல உயிரணுக்களினின்றே இரத்த அணுக்கள் யாவும் தோன்றுகின்றன. இரத்தப் புற்றுநோயில் இவ்வூற்றே கெட்டுவிடுகிறது. கெட்ட மஜ்ஜையைக் கதிர்வீச்சினாலும் மருந்தினாலும் அழித்து, வேறொருவரின் நல்ல மஜ்ஜையை நோயாளியின் இரத்தக் குழாயில் செலுத்தினால், அது தானே எலும்பைச் சென்றடைந்து புது இரத்தம் பிறப்பிக்கும் என்று தாமஸ் கருதினார்.

நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டௌன் என்னும் சிற்றூரில் செய்த இம்முயற்சியை அவரும் தோழர்களும் 1957-ல் வெளியிட்டனர். நோயாளிகள் 6 பேர். 100 நாள்களுக்குள் அறுவரும் மாண்டனர். பிறர் மஜ்ஜையை உடல் ஏற்க மறுப்பதுண்டு. ஏற்றாலோ, வந்த அணுக்களே உடலைத் தாக்குவதுமுண்டு. யாருடையது யாருக்குப் பொருந்துமென அறியும் வழி அன்று இல்லை.

"எப்படியும் சாகப்போகிறவர்கள்தாமே" என்று சிலர் சமாதானம் கூறுவர். அன்பர்களே, இச்சொல் கொடியது. எஞ்சிய நாள்கள் பத்தேயாயினும் அவை அந்நோயாளிக்கே உரியவை. சாவு அருகிலிருப்பதால் ஒருவரின் துன்பம் மலிவாகிவிடாது.

தாமஸ் தோல்வியை மறைக்கவில்லை. 1960-களில் மனிதருக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்துவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, அவரும் குழுவினரும் சோதனைச்சாலைக்குத் திரும்பினர். பஞ்சாலையில் பணி செய்தோர் இதனை அறிவர்: நூல் அறுந்தால் தறியை நிறுத்த வேண்டும்; அறுந்த இழையோடு ஓட்டினால் துணி முழுதும் பாழாகும். நிறுத்துவதைச் சோம்பலென்று எண்ணுவோர் தொழிலறியாதவர். மஜ்ஜையின் பொருத்தம் காணும் முறை தெளிவான பின், 1969-ல் சியாட்டில் நகரில் தாமஸின் குழுவினர் மீண்டும் தொடங்கினர். உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. நோய் முற்றிய 100 பேருக்குச் செய்ததை 1977-ல் வெளியிட்டபோது, 13 பேர் நோயின்றி வாழ்ந்தனர். நோய் முற்றுமுன் செய்தபோது பிழைத்தோர் தொகை மேலும் உயர்ந்தது. 1990-ல் தாமஸ் நோபல் பரிசு பெற்றார், 2012-ல் மறைந்தார்.

ஆயின் இங்கே ஒரு முடிச்சு உண்டு. நிறுத்திய ஆண்டுகளில் பெற்ற பாடம் நாய்களின் உடலில் கற்ற பாடம். விலங்குகளிடத்து, சிறப்பாக நாய்களிடத்து, செய்த ஆராய்ச்சியின்றி இச்சிகிச்சை கைகூடியிராது என்பதைத் தாமஸே தம் நோபல் உரையில் ஒப்புக்கொண்டார். கொல்லாமையை முதற் சீலமாக ஏற்ற நாம் இதனைக் கண்மூடிக் கடந்து செல்லலாகாது.

பிழைத்த மனிதரை ஒரு தட்டிலும் மாண்ட நாய்களை மறுதட்டிலும் வைத்து நிறுத்து, கணக்குத் தீர்ந்ததென்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. தங்கைக்காக இடுப்பெலும்பில் ஊசி ஏற்கும் அண்ணன் மனமறிந்து கொடுக்கிறான், அது தானம். நாய் கொடுக்கவில்லை, அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. கொடாததை எடுத்தல் இரண்டாம் சீலத்துக்கும் மாறானதன்றோ?

ஆகவே இம்மருந்தை மறுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. பிழைத்த குழந்தையின் முகத்தைப் பார்த்து அவ்வாறு கூற எவருக்கு நா எழும்? கடனைக் கடனென்று அறிந்து ஏற்க வேண்டுமென்றே கூறுகிறோம். வேறு வழி உள்ள இடத்தில் உயிரை வதைக்கும் வழியை விடுதல் ஒரு கடமை. கேளாமல் எடுக்கப்பட்டவற்றால் வாழும் மனிதர், கேட்கும்போதேனும் தாமாகக் கொடுத்தல் மற்றொரு கடமை. கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். இக்காலத்தில் பெரும்பாலும் இரத்தத்திலிருந்தே மூல உயிரணுக்களைப் பிரித்தெடுக்கின்றனர். அறியாத ஒருவருக்கும் கொடுக்க முன்வந்து பெயர் பதிந்து வைக்கலாம்.

நல்லெண்ணம் வினைக்கு வித்து. அது முளைத்துப் பயன் தருவதற்கு, பிழை கண்டபோது கையை நிறுத்தும் அறிவும், பட்ட கடனை மறவாத நெஞ்சும் வேண்டும். இவை மூன்றும் கூடியதையே கருணையென்று போற்றுவோமாக.