அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஐம்பதைத் தாண்டிய நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் 1984 அக்டோபர் 31 என்று பேச்செடுத்தால் போதும். ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாதி நாளிலேயே மணியடித்து வீட்டுக்கு அனுப்பியதைச் சொல்வார். இன்னொருவர் நடுவழியில் பஸ் நின்றுபோய் மூட்டை முடிச்சோடு நடந்ததைச் சொல்வார். மூன்றாமவருக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ. இந்திரா காந்தியின் ஆட்சியைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறவர்கள், தாங்கள் நின்ற இடத்தைப் பற்றிக் கேட்டால் காபி ஆறும்வரை பேசுவார்கள்.

அன்றைய நேரக்கணக்கு இது. காலை 9.20 வாக்கில் சப்தர்ஜங் சாலை வீட்டுத் தோட்டத்தில் பிரதமர் சுடப்பட்டார். பிற்பகல் 2.20-க்கு எய்ம்ஸ் மருத்துவமனை அவர் இறந்ததாக அறிவித்தது என்கிறது அரசாங்கப் பதிவு. ஆகாசவாணி அதை நாட்டுக்குச் சொன்னது மாலை ஆறு மணிக்கு. பி.பி.சி. முந்திக்கொண்டது, வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பி.பி.சி. கேட்டபடிதான் திரும்பினார். எனவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆகாசவாணியில் இறப்புச் செய்தி கேட்டேன் என்று ஒருவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும், அந்த நினைவில் எங்கோ ஒட்டுப்போட்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே.

இந்தச் சிக்கலை ஆராயத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. 1865-இல் லிங்கன் சுடப்பட்ட செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று எஃப்.டபிள்யூ. கோல்குரோவ் 179 பேரைக் கேட்டு 1899-இல் எழுதினார். 127 பேர் இடம், நேரம், சொன்ன ஆள் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் வழியில்லை. 1977-இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஃப்ளாஷ்பல்ப் நினைவு என்று பெயர் வைத்தார்கள். அதிர்ச்சி வரும்போது மூளை அந்தக் கணத்தை அப்படியே படம்பிடித்துவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம்.

இன்னொரு உளவியலாளரான அல்ரிக் நைசர் அதை நம்பவில்லை. காரணம், அவருடைய சொந்த நினைவு. 1941 டிசம்பர் 7, அவருடைய பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய செய்தியைச் சொன்னார்கள். பல ஆண்டுகள் இதை நம்பிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் பொறி தட்டியது: டிசம்பரில் ஏது பேஸ்பால்? அவர் கேட்டது பேஸ்பால் அணிகளின் பெயரையே வைத்துக்கொண்ட இரண்டு கால்பந்து அணிகளின் ஆட்டமாக இருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் பிறகு தேடிக் கண்டுபிடித்தார்கள்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலை நைசரும் நிக்கோல் ஹார்ஷும் எமரி பல்கலைக்கழக மாணவர்கள் 106 பேரிடம், செய்தி எப்படிக் கிடைத்தது என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரைத் திரும்பக் கேட்டார்கள். 11 பேர் சொன்ன எதுவுமே பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. அவரவர் கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. புது நினைவு அந்த இடத்தில் குடியேறி வெகுநாளாகியிருந்தது. மாணவர்கள்தான் என்றில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று வகுப்பறைக்குள் நுழையுமுன் முதல் விமானம் கோபுரத்தில் மோதுவதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக அதிபர் புஷ் அதே டிசம்பரில் மேடையில் சொன்னார். அந்தக் காலைப்பொழுதில் அப்படியொரு படம் எந்தச் சேனலிலும் ஓடவில்லை.

அறிவைத் தரும் வழிகளில் நினைவுக்கு இடம் உண்டா? இந்தியத் தத்துவ வாதிகள் உளவியல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இதில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகும்போது அளவைவாதி முதலில் பேசுகிறான். பத்து அளவைகளைச் சொல்லி முடித்தவன், அளவை போலத் தோன்றி ஏமாற்றுகிற எட்டையும் அடுக்குகிறான். எட்டாவது, நினைப்பு. இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று பிறர் சொன்னதைக் கொண்டு அப்படியே கருதிக்கொள்வதுதான் அதற்கு அவன் காட்டும் உதாரணம். எமரி மாணவர்களின் தாள்களை அவனிடம் கொடுத்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டான்.

காஷ்மீரத்து நியாய ஆசிரியர் ஜயந்த பட்டர் ஒன்பதாம் நூற்றாண்டில் இன்னும் கறாராகச் சொன்னார். பார்வை, எதிரே உள்ள பொருளால் உண்டாகிறது. நினைவு எழும்போது அந்தப் பொருள் அங்கே இல்லை, அழிந்தேகூடப் போயிருக்கலாம். பொருளிலிருந்து பிறக்காதது எப்படிப் பிரமாணமாகும், அறிவைத் தரும் வழியாகும்?

சமணர்கள் ஒப்பவில்லை. எட்டாம் நூற்றாண்டின் அகளங்கர் நினைவையும் பிரமாணங்களில் ஒன்றாகவே வைத்தார். அடுப்பங்கரையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருந்தது நினைவில் இல்லாதவன், மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது எப்படி? நினைவைத் தள்ளினால் ஊகமும் சேர்ந்து விழும். வைத்த இடத்தை நினைத்துப் போனால் பொருள் கைக்குக் கிடைக்கிறது; இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது சமணர் கட்சி.

யார் சொல்வது சரி? யாருடைய நினைவு என்பதைப் பொறுத்தது. ரேடியோ வழியாகத் துயரத்தை அறிந்தவர்களின் விஷயத்தில் ஜயந்தர் ஜெயிக்கிறார். அவர்கள் நினைவில் சுடப்பட்டவர் இல்லை, ரேடியோ இருக்கிறது. நின்ற இடத்தை இத்தனை பிடிவாதமாகச் சொல்வது நடந்ததற்குச் சாட்சி சொல்ல அல்ல. நானும் அந்தத் துக்கத்தில் பங்காளி என்று பெயர் கொடுக்கத்தான். பிரவுன், குலிக் ஆய்விலேயே இதற்கு ஆதாரம் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்த கணம் கறுப்பர்கள் 40 பேரில் 30 பேருக்கு அப்படியே நினைவிருந்தது; வெள்ளையர் 40 பேரில் 13 பேருக்குத்தான். ஒரே நாடு, ஒரே செய்தி.

வேதாகமத்தின் யோபு புத்தகத்தில் இதே கேள்வியைக் கடவுள் கேட்கிறார். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து நியாயம் கேட்கும் யோபுவிடம், நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிறார். யோபுவிடம் பதில் இல்லை. எங்குமே இல்லாதவனிடம் எங்கே இருந்தாய் என்று கேட்பது நியாயமா என்று படிப்பவருக்குக் கோபம்கூட வரும். ஆனால் யூதர்களும் ஷியா முஸ்லிம்களும் அந்த நிலையையே வழிபாடாக்கிக்கொண்டவர்கள். எகிப்திலிருந்து தானே புறப்பட்டு வந்ததாக ஒவ்வொரு தலைமுறையும் கருத வேண்டும் என்பது பஸ்கா இரவின் விதி. 680-இல் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்ட களத்தில் தாமும் இருந்திருக்கக் கூடாதா என்று முஹர்ரத்தில் அழுகிறவர்களுக்கு, அங்கே இல்லாமல் போனதே துக்கம். அரசாங்கத்தின் துக்கம் இந்த அளவுக்குப் போவதில்லை. காந்தி சுடப்பட்டது மாலை 5.17-க்கு, ஜனவரி 30 மௌனமோ அலுவலக வசதிப்படி காலை 11 மணிக்கு.

1984-இன் இன்னொரு பாதி நவம்பர் 1-இல் தொடங்குகிறது. இந்திரா கொலையைத் தொடர்ந்த வன்முறையில் டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது, பெரும்பாலும் சீக்கியர்கள். தப்பியவர்களிடம் செய்தி வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. செய்தி அவர்கள் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வந்தது. அவர்களிடம் கேட்கப்பட்டது வேறு: யார் வந்தார்கள், கூட்டத்தை ஏவியது யார், எந்த நேரம், எந்தத் தெரு. கமிஷன் கமிஷனாக, கோர்ட் கோர்ட்டாகக் கேட்கப்பட்டது.

டெல்லி ராஜ் நகரில் ஐந்து சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 2013-இல் விசாரணை நீதிமன்றம் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாரை விடுவித்தது. 2018 டிசம்பர் 17 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஆயுள் தண்டனை கொடுத்தது. 34 ஆண்டு. அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றவை கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்கள். அவற்றில் ஒன்று, கணவனையும் மகனையும் ஒன்றாகப் பறிகொடுத்த ஒரு பெண்ணுடையது. இங்கே அகளங்கர் கட்சிதான் நிற்கிறது. நினைவு பிரமாணம் இல்லை என்று முடிவுகட்டினால் இந்தப் பெண்ணுக்கு எந்தக் கோர்ட்டிலும் இடமில்லை. கேட்ட செய்தியை நினைப்பதையும் கண்ட கொலையை நினைப்பதையும் ஒரே தராசில் வைத்து, மனித நினைவே இப்படித்தான் என்று கையை உதறுவது சோம்பேறித்தனம். கண்டவர்களும் பிசகலாம், அதற்குத்தான் குறுக்கு விசாரணை இருக்கிறது.

குருத்வாராக்களில் நாள்தோறும் சொல்லப்படும் அர்தாஸ் பிரார்த்தனையில், கணுக்கணுவாக வெட்டப்பட்டவர்களையும் ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்களையும் நினைத்து சபை வாஹேகுரு என்கிறது. நாடாளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரகாப் கஞ்ச் குருத்வாரா, 1675-இல் குரு தேக் பகதூரின் தலையற்ற உடல் எரியூட்டப்பட்ட இடம். 1984 நவம்பர் 1 அன்று அதையும் கும்பல் தாக்கியது. அங்கே 2017 ஜனவரியில் உண்மைச் சுவர் என்ற பெயரில் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள்.