ஐந்து மணிக்கு வந்தவர்கள்

ஓர் ஆண்டு முடிந்துவிட்டது என்பதை நாம் எதைக் கொண்டு அறிகிறோம்? உழவனுக்குக் களத்தில் நெல்லைத் தூற்றி மூட்டை கட்டினால் ஆண்டு முடிகிறது. வணிகனுக்குப் பழைய பேரேட்டை மூடிப் புதியதைத் திறந்தால் முடிகிறது. திருச்சபைக்குக் கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு முடிகிறது. பள்ளிப் பிள்ளைக்கோ கடைசித் தேர்வை எழுதி, நண்பனின் வெள்ளைச் சட்டையில் மை தெளித்து, புத்தகப் பையை மூலையில் எறிந்து, "லீவு விட்டாச்சு" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தும் அந்த மாலையில்தான் ஆண்டு முடிகிறது. 2020-21ஆம் கல்வியாண்டுக்கு அப்படியொரு மாலை வாய்க்கவில்லை. ஒழுங்காகத் தொடங்காத ஒன்று முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதில் பங்கெடுக்க இயலாத பிள்ளைகள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாகவும் அறிவிக்கப்பட்டது.

நிகழ்ந்தவற்றை ஒருமுறை நினைவுபடுத்திக் கொள்வோம். ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு வைப்போம் என்று கூறியிருந்த தமிழக அரசு, எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரி 4 அன்று அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஆறு வாரம் கழியுமுன் கொரோனா வந்து பள்ளிகளையே மூடிவிட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிப்போய், ஜூன் 9 அன்று அடியோடு கைவிடப்பட்டது. 2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தன. அவையும் நெடுநாள் நடக்கவில்லை. பிப்ரவரி 25 அன்றே ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வின்றித் தேர்ச்சி என்ற அறிவிப்பு வந்தது. ஜூன் 5 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் நீக்கப்பட்டது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பறைக் கதவோ 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள்!

"ஆல் பாஸ்" என்ற சொல் அன்றே வழக்கில் ஊன்றிவிட்டது. முதலில் மகிழ்ச்சியோடு சொல்லப்பட்டது, பின்னர் ஏளனத்தோடு. "நீ ஆல் பாஸ் பேட்ச்தானே?" என்று வேலை கேட்டு வரும் இளைஞனிடம் கேட்பவர்கள் இன்றும் உளர். இக்கேள்விக்குள் ஓர் அறவியல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. உழைக்காதவருக்கும் உழைத்தவருக்கும் ஒரே பட்டம் அளிப்பது நீதியா? கல்வி நிறுவனங்களை நடத்தும் திருச்சபையின் மக்கள் இதை அரசின் கொள்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியற்காலையில் சிலரையும், ஒன்பது மணிக்கும் நண்பகலிலும் மூன்று மணிக்கும் சிலரையும், மாலை ஐந்து மணிக்குச் சிலரையும் வேலைக்கு அழைக்கிறார். கூலி எல்லாருக்கும் ஒரு தெனாரியம். முணுமுணுப்பு எழுகிறது. இவ்வுவமை வாசிக்கப்படும் ஞாயிறன்று கோவிலில் அமர்ந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர், உள்ளூர முணுமுணுத்தவர் பக்கமே நிற்கிறோம் என்பது என் நெடுநாளைய ஐயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து மணி வரை சந்தைவெளியில் ஏன் சும்மா நின்றீர்கள் என்று அவர் கேட்கும்போது, எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் மறுமொழி. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அழைக்கப்படாதவர்கள். அந்த ஆண்டின் பிள்ளைகளும் அப்படியே. வகுப்பறையை அவர்கள் புறக்கணிக்கவில்லை. வகுப்பறை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனை 'வராதவன்' என்று பதிவேட்டில் எழுதுவது எந்த நீதி?

அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர்கள் ஈயத்தாலான அளவுகோல் வைத்திருந்தனராம். கல் வளைந்திருந்தால் கோலும் அதற்கேற்ப வளையும். சட்டம் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்படுவதால், எதிர்பாராத நிலை வரும்போது அதன் நோக்கத்தைப் பார்த்து வளைந்து கொடுப்பதே உயர்ந்த நீதி என்பது அவர் கருத்து. புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். நூறு காசு கடன்பட்டவன் தன் கையிலிருந்து இருநூறு காசு கொடுத்தால் அவன் நீதிக்கு மாறாக எதுவும் செய்துவிடவில்லை. இரக்கம் நீதியை அழிப்பதன்று, அதன் நிறைவு என்கிறார். ஆகவே தேர்வின்றித் தேர்ச்சி அளித்தது அநீதி என்று கூற எனக்கு மனம் வரவில்லை. தொற்றின் நடுவே பிள்ளைகளைத் தேர்வறையில் கூட்டுவதைவிட அது நூறு மடங்கு நன்று.

ஆனால் உவமையை இத்தோடு நிறுத்துவது நமக்கு வசதியாகிவிடும். தோட்ட உரிமையாளர் கடைசியில் வந்தவர்களுக்குக் கொடுத்தது மெய்யான தெனாரியம். அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பெரியப் போதுமான காசு. நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்ன? தெனாரியம் என்பது இங்கே கல்வி. எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறன், வகுத்தல் கணக்கு, ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளும் அறிவு. தேர்ச்சிச் சான்றிதழ் என்பது கூலி பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. கூலியைக் கொடுக்காமல் ரசீதில் கைநாட்டு வாங்கினோமா? நூறு காசு கடனுக்கு இருநூறு கொடுப்பது இரக்கம்; 'கொடுத்தாயிற்று' என்று எழுதி வைத்துக்கொள்வது இரக்கமுமன்று, நீதியுமன்று.

இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக்கியவர் இறையியல் பேராசிரியர் அல்லர். லப்பைக்குடிக்காட்டுப் பெரியவர் ஒருவர். அவ்வூர் நம் வாசகர் பலருக்குத் தெரிந்ததே. பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில், வெள்ளாற்றின் தென்கரையில் அமைந்த பேரூர். அக்கரையில் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி. இசுலாமிய அன்பர்கள் மிகுதியாக வாழும் ஊர். ஆடவர் பலர் கடல் கடந்து உழைப்பவர்கள். சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் சிற்றூர்கள். அங்கே நிலமில்லாத கூலிக் குடும்பங்கள். பெருந்தொற்றில் வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பியோரின் துயரம் ஒரு புறம். எனினும் வெளிநாட்டில் தந்தை இருந்த வீட்டில் பெரும்பாலும் திறன்பேசி ஒன்று இருந்தது. பிள்ளை அதில் பாடம் பார்த்தான். கூலி வீட்டிலோ இருந்த ஒரே போன் காலையில் அப்பாவின் சட்டைப் பையோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் அது பிள்ளையின் கைக்கு வரும்போது பாடம் முடிந்திருக்கும், பெரும்பாலும் சார்ஜும் தீர்ந்திருக்கும். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, உண்மை. ஆனால் தொலைக்காட்சியிடம் கை தூக்கி, "டீச்சர், புரியல" என்று எந்தப் பிள்ளை கூற முடியும்?

2021 ஏப்ரல் நடுவில் ரமலான் தொடங்கியிருந்தது. பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றித் திரும்பியபோது அப்பெரியவர் சொன்னார்: "ஃபாதர், நோயாளிக்கும் பயணிக்கும் எங்க மார்க்கத்துல நோன்பு விட அனுமதி உண்டு. பாவம் கிடையாது. ஆனா அது தள்ளிப்போகுதே தவிர, தள்ளுபடி ஆகிறதில்ல. விட்ட நாளை எண்ணி வச்சுக்கிட்டுப் பின்னால பிடிக்கணும். களா நோன்புன்னு சொல்லுவோம். இந்தப் பிள்ளைங்க விட்ட நாளை யாரு எண்ணி வச்சிருக்காங்க?"

"நல்லாச் சொன்னீங்க பாய்" என்பதற்குமேல் எனக்கு அப்போது எதுவும் கூறத் தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்க்கையில் ஒரு வேறுபாடு தென்பட்டது. நோன்பில் கடன்பட்டவர் நோன்பை விட்டவரே. அவரே அதை நிறைவேற்ற வேண்டும். கல்வியில் அப்படியன்று. பிள்ளை இழந்த நாட்களுக்குப் பிள்ளை கடனாளி அன்று. பிள்ளைக்கு நாம் கடனாளிகள். கல்வி பெறும் உரிமை எல்லா மாந்தருக்கும் மறுக்க முடியாதது என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் எடுத்துரைத்தது. உரிமை ஒருவருக்கு உண்டெனில், கடமை வேறொருவருக்கு உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 அக்டோபரில் உலகக் கல்வி ஒப்பந்தம் குறித்துப் பேசியபோது, நிகழ்வதைக் கல்விப் பேரழிவு என்றே குறித்தார். பேரழிவில் நிவாரணம் கேட்டு வருபவனை யாரும் கடனாளி என்பதில்லையே.

கடன் சிறிதும் திருப்பித் தரப்படவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தம் தெருப் பிள்ளைகளை மாலை நேரத்தில் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மர நிழலிலும் அமர்த்திக் கற்பித்தனர். ஏறக்குறைய 19,000 சிற்றூர்ப் பிள்ளைகளைச் சோதித்த பொருளியல் அறிஞர்களின் ஆய்வொன்று, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாயிற்று என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்ததென்றும் கண்டது. அன்று இரண்டாம் வகுப்பில் அமர்ந்த பிள்ளை முதல் வகுப்பறையைக் கண்டதே இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கீழே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு என்பதை யாரோ ஓர் அக்காள் விரலைப் பிடித்து எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கோட்டைத் தமிழுக்குத் தந்தவராகப் போற்றப்படும் வீரமாமுனிவர் நம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் என்பதை நினைக்கும்போது, அந்தத் திண்ணை வகுப்புகள் எனக்கு அவர் பணியின் தொடர்ச்சியாகவே தோன்றுகின்றன. பெயர் தெரியாத அப்பெண்களுக்கு எந்தப் பங்கிலும் ஒரு பொன்னாடை போர்த்தியதாக நான் கேள்விப்படவில்லை.

இனி முணுமுணுத்தவர்களுக்கு வருவோம். அவர்கள் எல்லாரையும் பொறாமைக்காரர் என்று தள்ளிவிட முடியாது. உவமையில் விடியலில் வந்தவனுக்கு ஒப்புக்கொண்ட ஒரு தெனாரியம் குறையாமல் கிடைத்தது. 2021இல் பத்தாம் வகுப்புப் படித்த மாணவிக்கோ அது கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் படித்திருந்தாலும் சரி, புத்தகத்தைத் தொடாமல் இருந்தாலும் சரி, சான்றிதழில் 'தேர்ச்சி' என்ற ஒரு சொல் மட்டுமே, மதிப்பெண் இல்லை. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பினருக்கோ, அவர்கள் பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண்ணே கணக்கில் பாதியாயிற்று. அவ்வாண்டின் பள்ளிப் பொதுத்தேர்வுகள் நின்றன. நீட் தேர்வோ 2020லும் 2021லும் செப்டம்பரில் தவறாமல் நடந்தது. மதிப்பெண் என்பது எத்தனை பேரின் வாழ்வோடு பிணைந்தது என்பதை, 2017இல் குழுமூர் அனிதாவை இழந்த இம்மாவட்டங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆதலால் படித்த பிள்ளையின் வருத்தம் மெய்யானது. அதற்கு விடை பிறருடைய தேர்ச்சியைப் பறிப்பதன்று என்பது மட்டும் உறுதி. அவளுக்கு நேர்ந்த குறை, அடுத்தவன் பெற்றதால் வந்த குறையன்று.

அடுத்து விடுமுறை. 2022இல் பொதுத்தேர்வுகள் மே மாத அக்கினி வெயிலில் நடந்தன. ஜூன் 13இல் பள்ளி திறந்தது. இழந்ததை ஈடுசெய்ய விடுமுறை முழுவதும் தனிவகுப்பு வைத்தால் என்ன என்று அப்போது கேட்ட பெற்றோர் பலர். "ஒன்றரை வருஷம் லீவுதானே அனுபவிச்சாங்க?" என்பது அவர்கள் வாதம். இங்கும் சொல்லில்தான் பிழை. சந்தைவெளியில் வேலையின்றி நின்றவன் ஓய்வுநாள் கடைப்பிடித்தவன் அல்லன். இணைச்சட்ட நூல் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை நினைவில் கொள் என்கிறது. ஓய்வு, உழைப்பவனின் விடுதலை. வீட்டில் அடைபட்டு, சாவுச் செய்தி கேட்டு, சில வீடுகளில் சின்ன வெங்காயம் அறுக்கவும் பருத்தி எடுக்கவும் பெற்றோரோடு போன பிள்ளை ஓய்வு பெற்றான் என்று எப்படிச் சொல்வது? பெரம்பலூர் மானாவாரி உழவருக்குத் தரிசாகக் கிடப்பதற்கும் கோடையில் உழுது போடுவதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். 'சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்பார்கள். கோடை உழவில் விதை இல்லை, தண்ணீர் இல்லை. மண்ணைக் கிளறிக் காற்றும் வெயிலும் படச் செய்வதோடு சரி. பங்குகளில் மே மாதம் நடக்கும் மறைக்கல்வி வகுப்புகளும் அப்படி இருந்தால் நல்லது. பாட்டும் கதையும் ஆற்றங்கரை நடையும் போதும். இன்னொரு தேர்வு, இன்னொரு வரிசை எண், இன்னொரு 'முதல் பரிசு' எதற்கு?

இன்னும் ஒரு கூட்டத்தார் எஞ்சியுள்ளனர். 2021இல் தேர்வெழுதாமல் பத்தாம் வகுப்பைக் கடந்த அணியினர் 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு வரவேண்டியவர்கள். முதல்நாள் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் 50,000க்கும் மேற்பட்டோர் வரவில்லை. காரணங்கள் பல இருக்கலாம்: வேலைக்குப் போனவர், மணம் முடிக்கப்பட்ட பெண், பதினொன்றிலேயே பாடம் புரியாமல் நின்றுவிட்டவர். பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. ஆள் எப்போதோ போய்விட்டார். கையில் ரசீது வைத்திருந்தும் கூலி கிடைக்காதவர்கள் இவர்களே. சந்தைவெளியில் இன்னும் நிற்கிறார்கள்.

இன்று இவர்களுக்கு இருபது வயதை ஒட்டி இருக்கும். நம் பங்குகளிலும் இருக்கிறார்கள், ஜமாஅத்திலும் இருக்கிறார்கள், மினி பேருந்தில் நடத்துநராக, நூற்பாலையில் இரவுப் பணியாளராக, இடுப்பில் குழந்தையோடு இளந்தாயாக. பங்குக் குடும்பப் பதிவேட்டில் பிறந்த ஆண்டைப் பார்த்தாலே யார் யாரென்று ஒரு மாலையில் எண்ணிவிடலாம். தனித்தேர்வராக விட்ட தேர்வை எழுதும் வழி இன்றும் திறந்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் குறித்த நாட்களுக்குள் தேர்வுச் சேவை மையத்துக்குப் போக வேண்டும், பழைய சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டும், கட்டணம் செலுத்த வேண்டும், வேலையில் ஒருநாள் விடுப்புச் சொல்ல வேண்டும். தனியே போகக் கூச்சப்படுபவனோடு, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பேருந்தில் உடன் செல்ல வேண்டும்.