ஊருக்கா, ஊராருக்கா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஊர் என்பது ஒரு எண். "நீங்க எந்த பிளாக்?" என்பதுதான் அறிமுகத்தின் முதல் கேள்வி. நேர்கோட்டுத் தெருக்கள், நிழல் மரங்கள், குவார்ட்டர்ஸ். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதே பஸ்ஸில் இன்னொரு வகையினரும் ஏறுவார்கள். அவர்களிடம் "எந்த ஊரு?" என்று கேட்டால் பதில் சற்றுத் தயங்கித்தான் வரும். பெயர் இருக்கிறது, ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

1956இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். இங்கே நடப்பது திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண் முழுவதையும் அகற்றினால்தான் நிலக்கரி கிடைக்கும். ஆகவே மேலே இருக்கும் வயல், வீடு, சுடுகாடு, அய்யனார் எல்லாமே நகர்ந்தாக வேண்டும்.

இதற்குப் பதிலாக ஒரு நிதி இருக்கிறது. கனிமச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் ஒரு கனிம அறக்கட்டளை வைக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 12க்கு முன் பெற்ற குத்தகை என்றால், ராயல்டி போக, அதில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைச் சுரங்கம் நடத்துபவர் அந்த அறக்கட்டளைக்குக் கட்ட வேண்டும். குறைந்தது 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், கல்வி போன்றவற்றுக்கும் மீதியைச் சாலை, பாலம், பாசனம் போன்றவற்றுக்கும் செலவிட வேண்டும் என்று மத்திய அரசு 2015இல் வழிகாட்டியது.

சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு சொற்சேர்க்கை உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட 'மனிதர்கள் மற்றும் பகுதிகள்' நலனுக்காக இந்த அறக்கட்டளை என்கிறது அது. ஊருக்கும் கொடு, ஊராருக்கும் கொடு என்று அர்த்தம். ஊரும் ஊராரும் ஒரே இடத்தில் இருக்கிறவரை சிக்கலே இல்லை.

அமெரிக்காவிலும் இதற்கு உறவான ஒன்று இருக்கிறது. 1974 முதல் மத்திய அரசு நகரங்களுக்கு வீட்டுவசதி, சமுதாய மேம்பாட்டுக்கென்று மொத்தமாக ஒரு தொகை தருகிறது. எதற்குச் செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் நகரமே முடிவு செய்துகொள்ளும். ஆனால் 70 சதவீதமாவது குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். அதை எப்படி அளக்கிறார்கள்? ஒரு வட்டாரத்தில் 51 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்களாக இருந்தால், அங்கே போடும் சாக்கடையை அவர்களுக்குச் செய்த நன்மையாக எழுதிக்கொள்ளலாம். அங்கும் ஆளை எண்ணுவதைவிட இடத்தை அளப்பதே சுலபம். சாலையைக் காட்டிப் புகைப்படம் எடுக்கலாம், சிதறிப்போன குடும்பத்தை எங்கே போய்க் காட்டுவது?

இதைப் பேசும்போது 'மானியம்' என்ற சொல் தானாக வாயில் வந்துவிடுகிறது. பழைய வழக்கில் மானியம் என்பது கோயில் வேலைக்கோ ஊர் வேலைக்கோ விடப்பட்ட நிலம். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. கனிம நிதியை நான் மானியமாக நினைக்கவில்லை. அது கடன். கடனைத் திருப்பித் தருகிறவர் "இந்தக் காசுல தண்ணி டேங்க்தான் கட்டணும்" என்று நிபந்தனை போடலாமா?

போடலாம் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. கையில் வந்த ரொக்கம் கல்யாணத்திலும் கடனடைப்பிலும் கரைந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பட்டா அப்பா பெயரில் இருந்தால் காசும் அப்பா கையில்தான். பள்ளிக்கூடம் கட்டினால் மகளுக்கும் அதில் பங்குண்டு. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் எந்த ஊரில் எழும்? இருக்கிற ஊரில்தான். இல்லாமல் போன ஊருக்குக் கிராமசபை கிடையாது, தீர்மானம் போட முடியாது. அங்கிருந்து போனவர் இன்று சுரங்கத்துக்குத் தொலைவில் ஏதோ ஒரு ஊராட்சியில் இருக்கலாம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நெல்லுக்கு ஏக்கர் கணக்கு இருக்கிறது. அதே வயலில் நடவு நட்டவளுக்கு? 1894 நிலமெடுப்புச் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் அவள் இல்லை. இழப்பீடு, நிலத்தில் உரிமை உள்ளவருக்கு. 2013 சட்டம்தான் நிலமில்லாமல் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றது. அதற்குள் எத்தனையோ ஊர்கள் போயாகிவிட்டது. சட்டம் தாமதமாக வந்ததால் கடன் தள்ளுபடியாகிவிடுமா? ஆகாது என்பது என் எண்ணம். கனிம நிதி அந்தப் பாக்கியைத் தீர்க்க ஒரு வாய்ப்பு. அதற்கு வரைபடத்தில் வட்டம் போட்டால் மட்டும் போதாது, ஆட்களைத் தேட வேண்டும்.

தேடுவது முடியாத காரியமா என்ன? நிலமெடுப்புக் கோப்புகள் இருக்கின்றன, பழைய வாக்காளர் பட்டியல் இருக்கிறது. சாமியைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தவர்கள் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள். யார் எங்கே குடிபோனாலும் அந்த நோட்டில் பெயர் இருக்கும். ஊர் போனாலும் ஊரார் இன்னார் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. ஒரே குறை, காலனிக்காரர்களுக்கு அந்த நோட்டில் இடம் இருந்திருக்காது. நடவு நட்டவளைக் கண்டுபிடிக்க அவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.