யாருடைய அழுகை?

2022 பிப்ரவரியில் மிட்ஸ்கி தன் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். கச்சேரியில் ஒரு பாட்டை முழுவதுமாக, சிலசமயம் நிகழ்ச்சியையே முழுவதுமாகச் செல்பேசியில் படம்பிடிக்காதீர்கள்; அப்போது நாம் ஓரிடத்தில் ஒன்றாக இருக்கிறோம் என்ற உணர்வு போய், என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றுகிறது என்றார். பணிவாகத்தான் கேட்டார். ஆனாலும் கோபம் கிளம்பியது. மனச்சோர்வால் எனக்கு எதுவும் நினைவில் தங்குவதில்லை, படம்பிடித்தால்தான் பிறகு பார்த்துக்கொள்ள முடியும் என்று சிலர் எழுதினார்கள். என் வலியைப் பாடியவள் நீ, எனக்கே தடை போடுகிறாயா என்பதுதான் அதன் உட்பொருள். கடைசியில் அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன.

இதைப் படித்தபோது முதலில் நான் ரசிகைகளின் பக்கம்தான் நின்றேன். நள்ளிரவில் விடைத்தாள் திருத்திக்கொண்டே அவர் பாட்டைக் கேட்டு அழுதவள் நான். என் அழுகையில் அவருக்கும் பங்குண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

மிட்ஸ்கி 1990இல் ஜப்பானில் பிறந்தவர். தாய் ஜப்பானியர், தந்தை அமெரிக்கர். நாடு மாறி நாடு மாறி வளர்ந்து, நியூயார்க் மாநிலத்தின் பர்ச்சேஸ் கல்லூரியில் இசையமைப்பு படித்தார். 2012இலும் 2013இலும் வந்த முதல் இரண்டு தொகுப்புகளும் அங்கே மாணவியாக இருந்தபோது செய்தவை. பியானோவும் சக மாணவர்களின் வாத்தியக்குழுவும் அவற்றில் ஒலிக்கின்றன. 2014இல் 'பரி மீ அட் மேக்அவுட் க்ரீக்' வந்தபோது பியானோ பின்னுக்குப் போய், கிதாரின் கரகரப்பு முன்னுக்கு வந்துவிட்டது. முறையாகப் படித்த இசைக்காரி. ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல், வாக்குமூலம். ஏதோ ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுதபோது பக்கத்தில் ஒலிவாங்கி இருந்துவிட்டதைப்போல.

'பீ தி கௌபாய்' (2018) தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 14 பாடல்கள், மொத்தம் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பல பாடல்களில் பல்லவிக்குத் திரும்பும் வழக்கமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னதும் பாட்டு நின்றுவிடுகிறது. பாடுகிறவள் எல்லாவற்றையும் இறுக்கிப்பிடித்து வைத்திருக்கும் ஒரு பெண். தன்னிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கற்பனையால் பெருக்கிய பாத்திரம் அவள் என்று மிட்ஸ்கியே சொல்லியிருக்கிறார். அதற்கான மேடையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. முட்டிக்கவசம் அணிந்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், மேசைமீது ஏறிக் கால்களை உயர்த்துவார். ஒவ்வொரு அசைவும் பயிற்சி செய்யப்பட்டது. அழுதுகொண்டிருப்பது கூட்டம்தான், அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அதே தொகுப்பிலுள்ள 'நோபடி' மலேசியாவில் தனியாகக் கிடந்த நாட்களின் தனிமையிலிருந்து வந்தது என்றும் அவரே சொன்னார். அப்படியானால் வாக்குமூலம்தானே என்று கேட்கலாம். தனிமை அவருடையதுதான். ஆனால் அந்தத் தனிமைக்கு டிஸ்கோ தாளம் போட்டதும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடிவில் சுருதியை மேலேற்றியதும் தனிமை செய்த காரியமல்ல. ஆட வைக்கும் அந்தத் தாளம் இல்லாவிட்டால் அந்தச் சொல் நம்மை இவ்வளவு அறுத்திருக்காது.

ஆண்களுக்கும் இது நடப்பதுண்டு. பாப் டிலனின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பை அவருடைய மணமுறிவின் கதையாகக் கேட்பவர்கள் ஏராளம். அதனால் அவருடைய சொல்திறனை யாரும் மறந்துவிடவில்லை. 2016இல் நோபல் பரிசே வந்தது. நம் பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. கபிலர் தலைவியின் குரலில் ஏங்கினால் அது புலமை என்று வகுப்பில் சொல்கிறேன். வெள்ளிவீதியார் ஏங்கினால், ஔவையார் பாட்டில் வரும் ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, பிரிந்த கணவனைத் தேடி அலைந்தவர் என்று வாழ்க்கை வரலாற்றுக்குள் போய்விடுகிறேன். பல ஆண்டுகளாக இப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

2019 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பாடிவிட்டு மிட்ஸ்கி மேடையிலிருந்து விலகினார். மற்றவர்கள் தங்களால் சுமக்க முடியாததையெல்லாம் கொட்டிவிட்டுப் போகும் கருந்துளை என்று பிறகொரு பேட்டியில் தன்னைச் சொல்லிக்கொண்டார். கொட்டியவர்களில் நானும் ஒருத்தி. வலியைப் பாட்டாக்கி விற்பவர்தானே, கேட்பவர்களின் வலியைச் சுமந்தால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். விற்றது பாட்டை. நுழைவுச்சீட்டுக்குக் கிடைப்பது அதுதான். பாட்டு நமக்குள் போய் என்னவாகிறதோ அது நம் பொறுப்பு என்றேன். சொல்லும்போது தெளிவாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் என் மாணவி ஒருத்தி ஒரு கவிதையை நீட்டினாள். அப்பா சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். அம்மா சோற்றுப்பருக்கையைப் பொறுக்குகிறாள். படித்ததும் என் வாயில் வந்தது, "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. "நாலாவது வரியை உடைச்சது சரியா வந்திருக்கான்னு கேக்கத்தான் வந்தேன் மேடம்."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் கேட்டதே தவறா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மிட்ஸ்கிக்கு நான் யாரோ. இவளுக்கு ஆசிரியை. அந்தத் தட்டு நிஜமாகவே பறந்திருந்தால், வரியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாமா?

அன்று நாலாவது வரியைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். உடைத்தது சரியில்லை, ஒரு சொல் முன்னாலேயே உடைக்க வேண்டும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள், கவிதையைப் பற்றி ஒன்றும் பேசாமல், மதியம் என்னோடு சாப்பிட வா என்று கூப்பிட்டேன். வந்தாள்.