எது நல்ல படம்?

ஒரு பொருளை 'நல்லது' என்கிறோம்; ஒரு செயலையும் 'நல்லது' என்கிறோம். இரண்டிடத்தும் அச்சொல் ஒரே பொருளைத்தான் தருகின்றதா என்பது மெய்யியலில் மிகப் பழைய வினா. அரிஸ்டோட்டில் தமது 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' நூலின் ஆறாம் பகுதியில் ஆக்கலையும் செய்கையையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். ஆக்கலின் நோக்கம் அதற்குப் புறம்பே உள்ள பொருளில் நிறைவுறுகின்றது; செய்கையின் நோக்கமோ நன்கு செய்தலிலேயே அடங்கியுள்ளது. குடம் நன்றாக அமைந்துவிட்டால் குயவனைப் பாராட்டுகிறோம். அதை வனைந்தபோது அவன் எம்மனநிலையில் இருந்தான் என்று கேட்பதில்லை. வாக்குறுதியை நிறைவேற்றுபவனைப் பற்றியோ அவ்வாறு கேட்காமல் இருக்க முடிவதில்லை.

விரிவுரை மண்டபத்தில் இவ்வேறுபாடு எனக்குத் தெளிவாகவே விளங்கியது. கலகெதரவில், எங்கள் அயலில் உள்ள ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலில், ஒரு நிழற்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மாலையிலேதான் அது குழம்பிப்போயிற்று. அக்குழப்பத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கமராவில் படச்சுருளிட்டுப் படம் எடுக்கும் பழக்கம் இன்று பெரும்பாலும் ஆர்வலரிடையே மட்டும் எஞ்சியுள்ளது. எண்முறைக் கமராவின் முதல் மாதிரியை 1975ஆம் ஆண்டு உருவாக்கியவர் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளரே. படச்சுருளால் வளர்ந்த அதே நிறுவனம் 2012ஆம் ஆண்டு வங்குரோத்துப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. ஆயினும் படச்சுருள் மறைந்துவிடவில்லை. கண்டியிலும் பேராதனையிலும் பயிலும் நாங்கள் ஐவர், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றுகூடி, அவரவர் கழுவிய சுருள்களையும் அச்சிட்ட படங்களையும் ஒரு மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. இதற்குச் சங்கமென்றோ யாப்பென்றோ எதுவும் இல்லை. மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து மலிவாக வாங்கிய உருப்பெருக்கி ஒன்று எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கின்றது. அதுவே எங்கள் ஐவருக்கும் பொதுவான இருட்டறை.

இவ்வொப்பீட்டில் ஒரு தனி நேர்மை உண்டு என்பதை முதலிற் கூறவேண்டும். ஒரு சுருளில் இருப்பவை முப்பத்தாறு படங்கள். எடுத்ததை உடனே பார்க்கவோ அழிக்கவோ வழியில்லை. ஆகையால் தவறுகளும் வரிசை குலையாமல் மேசைக்கு வருகின்றன. சுருளைக் கழுவுவதற்கான கால அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை. எங்கள் ஊர்க் குழாய் நீரோ பெரும்பாலும் அதனிலும் வெம்மையானது. வெப்பம் கூடினால் உருத்துலக்கி விரைந்து தொழிற்படும்; ஒளி பட்ட பகுதிகள் கறுத்துத் தடித்துவிடும். எனவே குளிர்ப்பெட்டியில் வைத்த நீரைக் கலக்க வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதை ஒருவர் மற்றவருடைய பிழையிலிருந்து கற்றுக்கொள்கிறார். தமது பிழையை மறைப்பவரால் இவ்வட்டத்துக்குப் பயன் இல்லை. பரீட்சைப் போட்டி நிறைந்த எங்கள் மாணவ வாழ்வில் இத்தகைய திறந்த மனத்தை வேறிடத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

ஒப்பிடப்படுவது எது என்பது அடுத்த வினா. நெகட்டிவ் ஒரு முடிவன்று. அமெரிக்க நிழற்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் நெகட்டிவை இசைக்குறிப்புக்கும், அச்சிட்ட படத்தை அதன் இசைப்புக்கும் ஒப்பிட்டார். அவர் இளமையில் பியானோக் கலைஞராக விரும்பியவர். நம் நாட்டின் லயனல் வென்ட்டும் (1900–1944) இலண்டனில் சட்டத்துடன் பியானோவும் பயின்றவரே. வென்ட் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் தம் கையால் அச்சிட்டவையே இன்று அவருக்குச் சாட்சியாக உள்ளன. இசைக்குறிப்பு அழிந்து இசைப்பு மட்டும் எஞ்சிய நிலை இது. ஒரே நெகட்டிவிலிருந்து இருண்ட படத்தையும் பெறலாம், ஒளிமிக்க படத்தையும் பெறலாம். உருப்பெருக்கியின் ஒளி தாளில் விழும்போது முகத்தின்மேல் சில வினாடிகள் கையால் நிழலிட்டால் முகம் வெளுக்கும். மற்ற இடங்களை மறைத்து முகத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தால் முகம் கருகும். ஆகவே மேசையில் நாங்கள் ஒப்பிடுவது உலகத்தை மட்டுமன்று. ஒவ்வொருவரும் இருட்டறையில் எடுத்த தீர்மானங்களையும் சேர்த்தே ஒப்பிடுகிறோம்.

இனி அந்த மூதாட்டிக்கு வருவோம். இறப்பர்த் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால்வெட்டித் தம் கைகள் காய்த்துப்போனவர் அவர். நான் கமராவுடன் திரிவதைக் கண்டு, தம்மை ஒரு படம் எடுத்துத் தருமாறு கேட்டார். காரணத்தையும் அவரே கூறினார். காலமான அவருடைய கணவருக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டைக்காக எடுத்தது. அதைத்தான் பெருப்பித்துச் சட்டமிட்டு மாலையிட்டிருக்கிறார்கள். "அதுல அவரு பயந்துபோயி நிக்கிறாரு தம்பி. எனக்கு அப்பிடி வேணாம்" என்றார். மலையகத் தமிழ் மக்களிற் பலரிடம் நிழற்படம் முதலில் நினைவுப் பொருளாக வரவில்லை. பத்திரங்களில் ஒட்டும் பொருளாகவே வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இந்தியக் கடவுச்சீட்டுக்காகக் கமராவின் முன் நின்ற குடும்பங்கள் எத்தனை! அக்குடும்பங்களின் படங்களில் அச்சம் உறைந்திருப்பதில் வியப்பில்லை.

நான் அவரை வாசற்படியில் அமர்த்திப் படம் எடுத்தேன். பின்னே வெயில், முன்னே நிழல். கமராவின் ஒளிமானி தான் காணும் காட்சியெல்லாம் ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறமென்றே கணக்கிடும். பின்னாலிருந்த வெயில் அதனை ஏமாற்றியது. அவருடைய முகம் நெகட்டிவில் மெலிந்துபோயிற்று. இருட்டறையில் அம்மெலிவை நான் குறையாகக் கருதவில்லை, வாய்ப்பாகக் கருதினேன். மாறுபாடு மிகுந்த தாளில், முகத்தை இன்னும் கருக்கி அச்சிட்டேன். வெண்மையான வெளியின் முன் குனிந்த ஒரு கரிய உருவம். முழங்காலின்மேல் ஒளிக்கீற்றுப் பட்ட இரு கைகள். மேசையில் இருந்த அனைவரும் அவ்வாண்டில் நான் எடுத்தவற்றுள் அதுவே சிறந்தது என்றனர். அந்தக் கைகளில் ஓர் இனத்தின் வரலாறே இருக்கிறது என்று ஒருவர் கூறினார். நான் மகிழ்ந்துபோனேன்.

அதே அச்சின் பிரதியொன்றை அவரிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, இது நானா? மொகமே தெரியலையே" என்றார். அவர் கோபப்படவில்லை. அதற்காகவும் எனக்கு நன்றி கூறினார். அதுவே என்னை அதிகம் வருத்தியது.

எங்கள் தீர்ப்புத் தவறானதா? ஒளி, மாறுபாடு, அமைப்பு ஆகியவற்றை வைத்து நோக்கினால் அது நல்ல படமே. இன்றும் அவ்வாறே நினைக்கிறேன். ஆயினும் எங்கள் அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. வண்ணப்பட அச்சுகளின் நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக வெள்ளைத்தோற் பெண்களின் மாதிரிப் படங்களையே ஆய்வுகூடங்களுக்கு அனுப்பியது. கரிய தோல் சரியாகப் பதியவில்லை என்பது குறையாக எண்ணப்படவில்லை. சொக்கிலேற்று உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என முறையிட்டதன் பின்னரே அதில் அக்கறை காட்டப்பட்டதாக அந்நிறுவனத்திற் பணியாற்றியோர் கூறியுள்ளனர். ஒப்பீடு நடுநிலையானது போலத் தோன்றலாம். ஒப்பிடும் கோல் யார் முகத்தை அளந்து செய்யப்பட்டது என்பது வேறு வினா.

இத்தகைய வாதங்கள் நம் நாட்டுக்கும் புதியனவல்ல. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தால் நாம் அறிந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி யூலியா மார்கரெட் கமரன், 1863ஆம் ஆண்டில், தமது 48ஆவது வயதில் முதற் கமராவைப் பெற்றவர். அவருடைய படங்கள் கூர்மையற்றவை, கறை படிந்தவை என்று இலண்டன் நிழற்பட விமர்சகர் கண்டித்தனர்; அவரோ தம் வழியை விடவில்லை. இன்று வரலாறு அவர் பக்கம் நிற்கின்றது. 1875ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டு இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் கவிஞர் தெனிசனும், படத்தை நிலைப்படுத்தும் 'ஹைப்போ'வை நமக்கு அளித்த விஞ்ஞானி ஹேர்ஷலும் பெயரோடு இருக்கின்றனர். இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள சில படங்களில் இருப்போர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். தோட்டத் தொழிலாளரும் பணியாளரும் அவர்களுள் அடங்குவர். கூர்மை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாதிட்டோர், அம்முகங்களுக்குரியோர் தம் படத்தைக் கண்டார்களா என்று எத்தனைமுறை கேட்டிருப்பர்?

இன்னோர் எடுத்துக்காட்டு இன்னும் தெளிவானது. 1936ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் நிப்போமோ என்னுமிடத்தில், பட்டாணி பறிக்க வந்து வேலையற்றிருந்த ஒரு தாயை டொரொதியா லாங் படமெடுத்தார். 'இடம்பெயர்ந்த தாய்' என்று உலகம் அறிந்த படம் அது. அப்பெண்ணின் பெயரைத் தாம் கேட்கவில்லை என லாங் பின்னர் எழுதினார். படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பத்தைப் பற்றியிருந்த பெருவிரல் ஒன்று தெரிந்தது. 1939ஆம் ஆண்டளவில் அது குறையென்று கருதப்பட்டு நெகட்டிவிலேயே அழிக்கப்பட்டது. அவ்வாறு அழிக்கப்பட்டது அந்தத் தாயின் விரல்! 1978ஆம் ஆண்டிலேதான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது உலகுக்குத் தெரியவந்தது. அப்படத்தால் தமக்கு எப்பயனும் கிட்டவில்லை என்றும், அது எடுக்கப்படாதிருந்திருக்கலாம் என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

இவ்விடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழும். படத்தில் இருப்பவரே நீதிபதியானால் எல்லாப் படமும் ஸ்டூடியோப் படமாகிவிடாதா? முகத்தில் மாவு பூசி, திரைச்சீலையின் முன் நிறுத்தி எடுப்பதற்கு மேல் கலை வளருமா? லாங்கின் படம் வெளிவந்ததும் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டதே; தொம்சனின் மனக்குறைக்காக அதை எடுக்காமலே விட்டிருக்க வேண்டுமா? இவ்வினாக்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால், உணவு வந்தபோது தொம்சனின் குடும்பம் அவ்விடத்தை விட்டுச் சென்றிருந்தது என்பதையும் அருகில் வைத்தே நோக்கவேண்டும். பலருக்குக் கிட்டிய நன்மை அந்த ஒருவருக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடுமா என்பது ஐயத்துக்குரியது.

என் கருத்து பின்வருமாறு. ஒரு மனிதரைப் படமெடுத்தல் அரிஸ்டோட்டில் கூறிய இரு வகைகளிலும் ஒருங்கே அடங்குவது. தாளில் ஒரு பொருள் ஆக்கப்படுகின்றது. அதே நேரத்தில் ஒருவரிடம் ஒன்று செய்யப்படுகின்றது. மரத்தையோ மலையையோ எடுக்கும்போது முதலாவது மட்டும் போதும். எங்கள் மேசை ஆக்கலை அளப்பதற்கு ஏற்றது. அதில் அது நேர்மையானதுங்கூட. செய்கையை அளக்க அதனிடம் கோல் இல்லை. மூதாட்டிக்கு மாறுபாடு பற்றித் தீர்ப்புக் கூறும் அதிகாரம் வேண்டியதில்லை. அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டார். நான் தருவதாகக் கூறினேன். அவ்வாக்கை மறந்து, அவருடைய முகத்தை என் படத்தின் நிழலுக்குச் செலவிட்டேன். குற்றம் அழகியலில் நிகழ்ந்ததன்று. எனினும் அழகியற் பாராட்டு அக்குற்றத்தை எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நிழற்படம் பற்றிய நூலில், தம் தாயின் சிறுவயதுப் படமொன்றைப் பற்றி நெடிது எழுதுகிறார். ஆனால் அப்படத்தை நூலில் அச்சிடவில்லை. அது தமக்கு மட்டுமே பொருளுடையது, பிறருக்கு ஏதோ ஒரு படம் என்பது அவர் கூறிய காரணம். மேசையில் வைத்து ஒப்பிட முடியாத படங்களும் உண்டு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே நெகட்டிவை மீண்டும் உருப்பெருக்கியில் இட்டேன். மென்மையான தாளில், முகத்தின்மேல் கையால் நிழலிட்டு, நான்கு தாள்களை வீணாக்கி ஐந்தாவதிற் பெற்றேன். கருமை ஆழமில்லை, பின்னாலிருந்த வெளி சாம்பலாய் மங்கிவிட்டது, கண்களும் மூக்குத்தியும் தெரிந்தன. அடுத்த சந்திப்பில் இரண்டையும் அருகருகே வைத்தபோது நண்பர்கள் தயங்காது முதலாவதையே தெரிந்தெடுத்தனர். அவர்களுடைய தீர்ப்பை நான் மறுக்கவில்லை, நடந்ததைக் கூறினேன். சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒருவர், சென்ற ஆண்டு கண்டிச் சந்தையில் தாம் எடுத்த மூட்டை தூக்கும் முதியவரின் படத்தை எடுத்து, அவரை மறுபடி எங்கே தேடுவது என்று கேட்டார். எங்களில் எவரிடமும் விடை இருக்கவில்லை.

இரண்டாவது படம் இப்போது அந்த வீட்டில் கணவரின் படத்துக்கு அருகில், இன்னும் மாலையிடப்படாமல் இருக்கின்றது. முதலாவது என்னிடம் உள்ளது. அதை எங்கேனும் காட்சிக்கு வைக்கலாமா என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கும்வரை அது நல்ல படமா என்ற வினாவுக்கு என்னால் முழு விடை கூற இயலாது.